ஆதிலிங்கத்தின் கீழ் இரண்டாயிரத்து எண்ணூறு பிள்ளைகள்

ஜூன் 3, திங்கள்

காலை ஒன்பதரைக்குத் திசையன்விளையில் இறங்கினேன். இன்று முதல் முப்பது நாளுக்கு ஒரு தொழில்முறைக் குறிப்பேடு எழுதுவதாக முடிவு. இருபத்திரண்டு வருட நெட்வொர்க் அனுபவத்தை எங்காவது பதிந்து வைக்க வேண்டும் என்பது என் மனைவி சுகுணாவின் யோசனை. அவள் சொன்னதை அப்படியே எழுதினால், இதையெல்லாம் என்னிடம் சொல்வதற்குப் பதிலாக எழுதி வையுங்கள் என்பது.

ஆறு மாதம் முன்பு சென்னையில் பழைய கம்பெனியிலிருந்து நானாகத்தான் விலகினேன். அன்று காலையே அவர்களும் அதே முடிவுக்கு வந்திருந்தது தற்செயல்.

இங்கே என்னை அழைத்திருப்பது ஆதிலிங்கம் பிராட்பேண்ட். ஊருக்கும் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் இன்டர்நெட் கொடுப்பவர்கள். உரிமையாளர் தங்கப்பழத்துக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தண்ணீர்கூடக் கொடுக்காமல் நேராக ரவுட்டர் அறைக்கு அழைத்துப் போனார். ரவுட்டருக்குச் சந்தனப் பொட்டும் பிச்சிப்பூச் சரமும் வைத்திருந்தது. சரம் காற்றுப் போகிற ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததால் முதல் வேலையாக அதை நகர்த்தினேன். அவர் முகம் மாறியதும் திரும்ப வைத்தேன்.

அந்தப் பெட்டிக்குள் முப்பத்தாறு கோர்கள், அதாவது முப்பத்தாறு மூளைகள். திரையில் முப்பத்தாறு கட்டங்கள். ஒன்று மட்டும் உச்சி வரை சிவந்து கிடந்தது. மற்ற முப்பத்தைந்தும் தரையோடு தரை.

"அந்த ஒருத்தன் மட்டும் வேல செஞ்சு சாவுதான் சார். மத்த முப்பத்தஞ்சு பேரும் வேடிக்கை பாக்கானுவ" என்றார் தங்கப்பழம். கோபத்தைவிட மனவருத்தமே அதிகம் தெரிந்தது.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஊர் முழுக்க நெட் நின்றுவிடுகிறது. வருகிற 24ஆம் தேதி பொறியியல் கல்லூரிக் கலந்தாய்வு தொடங்குகிறது. ஊரில் நானூறு பிள்ளைகள் எந்தக் கல்லூரி வேண்டும் என்று ஆன்லைனில் பட்டியல் கொடுக்க வேண்டும். 29ஆம் தேதி மாலை ஐந்து மணியோடு வாசல் மூடிவிடும். அந்த ஆறு நாளும் நெட் நிற்காது என்று தங்கப்பழம் உள்ளூர் சேனலில் தன் வாயால் அறிவித்துவிட்டார். நின்றால் ஊரை விட்டுத்தான் போக வேண்டும் என்கிறார். முப்பது நாள் ஒப்பந்தம். கவலைப்படாதீர்கள் என்றேன். இந்த வகை ரவுட்டரை நான் பலமுறை படத்தில் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். எந்த வீட்டுக்கு எவ்வளவு வேகம் என்று அளந்து விடுவதைத்தான் எங்கள் தொழிலில் டிராஃபிக் ஷேப்பிங் என்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரிசை. இங்கே இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு வரிசைகள். எல்லாவற்றுக்கும் தலைக்கு மேலே ஒரே ஒரு வரிசை, அதன் பெயர் 'ஆதிலிங்கம்'. இந்த மென்பொருளில் அந்த இடத்துக்குப் பெயரே 'பேரண்ட்'. கீழே இருப்பவை பிள்ளைகள்.

நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, புகார் போனை எடுக்கும் பெண் சண்முகக்கனி தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். முப்பத்தெட்டு வயது இருக்கும், பி.எஸ்ஸி. கணிதம். ஆறு வருடமாக இந்த ஊரின் எல்லாப் புகார்களையும் தெருவாரியாக, நேரத்தோடு, நீல நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஒரே பேரண்ட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே கோர்தான் சுமக்கும், அதனால்தான் மற்றவை சும்மா இருக்கின்றன என்றார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். ரவுட்டரோடு வந்த புத்தகத்தில் என்றார்.

எனக்கு இது முன்பே தெரியும். இருந்தாலும் அந்தப் புத்தகத்தை நான் தங்கியிருக்கும் அறைக்கு எடுத்து வந்திருக்கிறேன்.

ஜூன் 5, புதன்

தங்கப்பழத்திடம் கண்டுபிடிப்பைச் சொன்னேன். ஆதிலிங்கத்தை எடுத்துவிட்டால் போதும், பிள்ளைகள் தனித்தனியாகப் பிரிந்து முப்பத்தாறு மூளைகளுக்கும் போய்விடுவார்கள் என்றேன்.

அவர் சுவரைக் காட்டினார். சுவரில் மாலை போட்ட படம். ஆதிலிங்கம், அவருடைய அப்பா. மொட்டை மாடியில் ஒரு டிஷ்ஷை வைத்துக் கேபிள் டிவி தொடங்கியவர். இறந்து பதினோரு வருடம் ஆகிறது. ரவுட்டரை நிறுவ வந்தவன் எல்லாருக்கும் மேலே என்ன பெயர் போடட்டும் என்று கேட்டிருக்கிறான். வேறென்ன பெயர் போடுவது?

"எங்கப்பாவ எடுக்கணும்னு சொல்லுதீய" என்றார்.

பெயரை மட்டும் எடுப்பதில்லை, அந்த இடத்தையே எடுக்க வேண்டும் என்று விளக்கினேன். விளக்கியது நிலைமையை மோசமாக்கியது என்று நினைக்கிறேன்.

ஜூன் 6, வியாழன்

மாற்று யோசனை சொன்னேன். ஆதிலிங்கம் என்ற பெயர் மேலேயே இருக்கட்டும், மரியாதைக்காக. பிள்ளைகளை மட்டும் அவருக்குக் கீழிருந்து வெளியே கொண்டு வந்துவிடுவோம். தங்கப்பழம் யோசித்துவிட்டு, பிள்ளை இல்லாத மனுஷனாக எங்கப்பாவை நிற்க வைக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார். மாற்று யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ஜூன் 8, சனி

இன்று ஒரு திட்டமிட்ட பரிசோதனை.

ஆதிலிங்கத்தைத் தொடாமல், ஷேப்பிங்கை மட்டும் மொத்தமாக நிறுத்திப் பார்த்தேன். முப்பத்தாறு கோர்களும் விழித்துக்கொண்டன. அழகான காட்சி. தங்கப்பழத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் கண் கலங்கினார்.

பதினோரு நிமிடம் கழித்துப் புகார் போன் அடிக்க ஆரம்பித்தது. அளந்து விட ஆளில்லாததால் முந்திக்கொண்டவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுவிட்டான். மணலிவிளைப் பக்கம் ஜெயசிங் என்பவர் ஏதோ ஒரு மெகா சீரியலின் ஆயிரத்து நானூறு பாகங்களையும் ஒரே மூச்சில் இறக்கிக்கொண்டிருந்தார். ஊர் வேகத்தில் முக்கால்வாசி அவர் வீட்டுக்குப் போய்விட்டது. சண்முகக்கனி அவருக்குப் போன் போட்டு, எந்தப் பாகம் வரை வந்திருக்கிறது அண்ணாச்சி என்று விசாரித்தபடியே, என்னைப் பார்த்துக் கையால் திருப்பிப் போடுங்கள் என்று சைகை காட்டினார். திருப்பிப் போட்டேன்.

மூன்று மணி நேரப் பாதிப்பு. பரிசோதனை பயனுள்ளதாக இருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

விடுமுறை. சுகுணா போன் செய்தாள். எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றேன். ரவுட்டர் புத்தகம், பக்கம் 61 வரை.

ஜூன் 11, செவ்வாய்

ஒரு சிறிய தகவல் கசிவு. பேருந்து நிலையத்துக்கு எதிர்ப்புற டீக்கடையில் நின்று சுகுணாவிடம் போனில் பேசினேன். வேலை எப்போது முடியும் என்று கேட்டாள். அப்பாவை எடுத்துவிட்டுப் பிள்ளைகளைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் முடிந்தது, தங்கப்பழம்தான் சம்மதிக்க மாட்டேன் என்கிறார் என்று சொன்னேன். இதில் தவறாக எதுவும் இல்லை.

ஆனால் டீக்கடையில் அதைக் கேட்டவர்கள் ரவுட்டர் புத்தகம் படித்தவர்கள் அல்ல. மதியத்துக்குள் தங்கப்பழத்தின் தம்பி ராஜலிங்கம் உவரியிலிருந்து பைக்கில் வந்துவிட்டார். அங்கே ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறார். சொத்தைப் பிரிக்க மெட்ராஸிலிருந்து ஆள் கொண்டு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டாராம். அந்த ஆள் யார் என்று என்னிடமே விசாரித்தார்.

ஜூன் 12, புதன்

நாகர்கோவிலிலிருந்து அக்கா பாக்கியத்தாயும் வந்துவிட்டார். மூன்று பேரில் மூத்தவர். உடன் ஒரு வக்கீல்.

ரவுட்டர் அறையிலேயே பேச்சு நடந்தது. இது சொத்துப் பிரிவினை அல்ல, வெறும் டிராஃபிக் ஷேப்பிங் என்று நாற்பது நிமிடம் விளக்கினேன். வக்கீல் கவனமாகக் குறிப்பெடுத்தார். கடைசியில் பாக்கியத்தாய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்பா பேர் மேலே இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. அதை எடுக்கப் போகிறீர்களா இல்லையா? எடுக்க வேண்டும். அதற்குக் கீழே இருக்கிறதைப் பிரிப்பீர்களா மாட்டீர்களா? பிரிப்பேன்.

"அப்ப இதுக்குப் பேரு என்ன சார்?" என்றார்.

வக்கீல் திரையின் முன்னால் நின்று கட்டங்களை எண்ணினார். முப்பத்தாறு. மூன்று வாரிசுகள். ஆளுக்குப் பன்னிரண்டு. பெண்ணுக்கும் சம பங்கு என்பதைச் சட்டப்படி இரண்டு முறை வலியுறுத்தினார். யாரும் மறுக்கவே இல்லை. கோர்களைக் கழற்றி எடுத்துப் போக முடியாது என்று நான் சொன்னதற்கு, அனுபவ பாத்தியம், அதாவது அனுபவிக்கிற உரிமை, போதும் என்றார்.

தங்கப்பழம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது சண்முகக்கனி எனக்கு டீ வைப்பதுபோலக் குனிந்து, மூன்று பேரண்ட் வைத்தால் மூன்று கோர் வேலை செய்யும் சார், ஒன்றுக்கு மூன்று லாபம்தானே என்று மெதுவாகச் சொன்னார்.

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று, இந்தப் பிரிவினையைத் தொழில்நுட்ப ரீதியாக வரவேற்கிறேன் என்று அறிவித்தேன். ஆதிலிங்கம் ஒரு ஓரமாக, எதையும் சுமக்காமல், தற்காலிகமாக இருப்பார் என்பதற்குத் தங்கப்பழமும் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

ஜூன் 15, சனி

வேலை முடிந்தது. மேலே இப்போது மூன்று பேர். 'பாக்கியத்தாய்' கீழத் தெருக்கள். 'தங்கப்பழம்' பஜாரும் பேருந்து நிலையமும். 'ராஜலிங்கம்' கடற்கரைப் பக்கத்துக் கிராமங்கள். இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு வீடுகளையும் எந்தப் பக்கம் சேர்ப்பது என்று பிரித்துக் கொடுத்தது சண்முகக்கனியின் நீல நோட்டு. மேற்பார்வை நான்.

சாயங்காலம் ஏழு மணி. மூன்று கட்டங்கள் சிவந்தன. ஏழு நாற்பது வரை நெட் நிற்கவில்லை. பிறகு நின்றது. முன்னேற்றம் நாற்பது நிமிடம்.

ஜூன் 17, திங்கள்

பாக்கியத்தாய் ஊருக்குப் போகவில்லை. மணிக்கு ஒருமுறை அறைக்கு வந்து தன் பக்கம் எத்தனை சதவீதம் என்று கேட்கிறார். எழுபது என்றால் முகம் மலர்கிறது, அது பாரம் என்று சொன்னாலும் புரிவதில்லை. ராஜலிங்கத்துக்கு எண்பது வந்ததும் தனக்கும் எண்பது வேண்டும் என்றார்.

சதவீதம் குறைவாக இருப்பதுதான் நல்லது என்று ராஜலிங்கத்துக்குப் புரிய வைத்தேன். அது தவறாகப் போயிற்று. உடனே தன் பக்கத்து ஆட்கள் ஐம்பது பேரை அக்காவின் பக்கத்துக்கு மாற்றச் சொல்கிறார்.

ஜூன் 19, புதன்

அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை. இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து என் மூலமாகப் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு ரவுட்டராக இருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

ஜூன் 21, வெள்ளி

ராஜலிங்கம் ஒரு நின்று சுற்றும் ஃபேன் வாங்கி வந்து, ரவுட்டரின் இடது பக்கம் வைத்தார். தன் பன்னிரண்டு மூளைகளும் சூடாகக் கூடாதாம். எந்தப் பன்னிரண்டு என்று பெட்டிக்கு வெளியிலிருந்து சொல்ல முடியாது என்றேன். இடது பக்கம் என்று வக்கீல் எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

மதியம் பாக்கியத்தாய்க்கும் ஒரு ஃபேன் வந்தது. வலது பக்கம். தங்கப்பழம் வீட்டிலிருந்த டேபிள் ஃபேனைப் பின்னால் வைத்தார். மூன்று பக்கமும் காற்று. ரவுட்டரின் வெப்பம் ஒன்பது டிகிரி குறைந்தது. பிச்சிப்பூச் சரம் பறந்து என் மடிக்கணினி மேல் விழுந்தது.

குறிப்பு: குளிரூட்டல் மேம்படுத்தப்பட்டது.

ஜூன் 24, திங்கள்

கலந்தாய்வு தொடங்கியது.

ஏழு மணிக்கு முன்பே, ஐந்தரைக்கே, மூன்று கட்டங்களும் உச்சிக்குப் போய்விட்டன. ஊர் நின்றது. புகார் போனில் இருநூற்றுப் பதினொரு அழைப்புகள். சண்முகக்கனி எல்லாவற்றையும் எடுத்தார். கூப்பிட்டவர்களின் பெயர் சொல்லி, அவர்கள் பிள்ளையின் பெயரும் சொல்லி, காலையில் ஆறிலிருந்து எட்டு மணிக்குள் முயலுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். கடைசியாக அவருடைய கைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்தார்.

அவருடைய மகள் இசக்கிப்ரியாவும் பட்டியல் கொடுக்க வேண்டியவள் என்று இன்றுதான் தெரிந்தது. முதல் பதினேழு கல்லூரிகளைப் போட்டதும் திரை நின்றுவிட்டதாம். திரும்பத் திறந்தால் ஒன்றுமே சேமிக்கப்படவில்லை.

நான் மூன்று ஃபேன்களின் கோணத்தைச் சரிசெய்தேன். வேறு செய்ய எதுவும் இல்லை. வேலை நேரத்தில் வேறு செய்ய எதுவும் இல்லாதது எனக்குப் புதிதல்ல. கடந்த ஆறு மாதமாகவே அப்படித்தான்.

மேலே உள்ள வரியை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.

ஜூன் 26, புதன்

மூன்று பேரையும் உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன். ஒரு அப்பா போதாது, மூன்று பேரும் போதாது. யாரும் யாருக்கும் கீழே இருக்கக் கூடாது. இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு வீடும் தனித்தனியாக நிற்க வேண்டும், அவரவர் அளவு அவரவருக்கு. அப்போதுதான் ரவுட்டர் தானாக முப்பத்தாறுக்கும் பிரித்துக் கொடுக்கும். சண்முகக்கனி நேற்று எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துத்தான் படித்தேன், ஆனால் தெளிவாகப் படித்தேன்.

பாக்கியத்தாய், அப்படியென்றால் அப்பாவும் இல்லை, நாங்களும் இல்லையா என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு நடந்த பேச்சில் என் பங்கு எதுவும் இல்லை.

சாயங்காலம் ஒருவழியாக ஒரு இடத்துக்கு வந்தார்கள். நாங்கள் மூவரும் விலகிக்கொள்ளலாம், ஆனால் பிள்ளை இல்லாத மனுஷனாக அப்பாவை ஓரத்தில் நிற்க விடவும் முடியாது, முறை செய்யாமல் எடுக்கவும் முடியாது. என்ன முறை என்று யாருக்கும் தெரியவில்லை. கோவில் பூசாரியைக் கேட்டார்கள். செத்துப் பதினோரு வருடமான மனுஷனை ஒரு பெட்டியிலிருந்து அனுப்பி வைப்பதற்கு முறை எதுவும் தான் கேள்விப்பட்டதில்லை, இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றார். மனசாட்சியுள்ள மனிதர்.

வாசல் மூட மூன்று நாள்கூட இல்லை.

ஜூன் 27, வியாழன்

ஐந்தரைக்கு நின்றது. அழைப்புகள் முந்நூறைத் தாண்டியதும் சண்முகக்கனி எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

ஜூன் 28, வெள்ளி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குப் பூசாரி வந்தார். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மேல் நல்ல நேரம், அன்று தேங்காய் உடைத்துச் சூடம் காட்டி அனுப்பி வைக்கலாம் என்றார். திங்கட்கிழமைக்குள் கலந்தாய்வு முடிந்துவிடுமே என்றார் தங்கப்பழம். அதற்குள் பத்தரை ஆகிவிட்டது, ராகு காலம். பன்னிரண்டு வரை எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்று எல்லாரும் எழுந்து முன் அறைக்குப் போய்விட்டார்கள். போகும்போதே தேங்காய் யார் செலவு என்று பேச்சு தொடங்கிவிட்டது.

ரவுட்டர் அறையில் நானும் மூன்று ஃபேன்களும்தான். சண்முகக்கனி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அவர் கையில் ஒரு பென் டிரைவ். வீடுகளைத் தனித்தனியாகப் பிரிக்கிற கட்டளைகளை, வீட்டுக்கு ஒரு வரியாக, இரண்டு வருடம் முன்பே எழுதத் தொடங்கிவிட்டாராம். ஒவ்வொரு மாதமும் புது இணைப்புகளைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"போன் எடுக்கவ சொன்னா யாரு சார் கேப்பா? உங்கள மாதிரி ஒரு ஆளு வந்து சொன்னா கேப்பாவன்னு இருந்தேன்" என்றார்.

பிறகு, "நீங்க வெளியே போயிருங்க. தப்பாப் போச்சுன்னா நான் செஞ்சதா இருக்கட்டும்" என்றார்.

நான் நாற்காலியை அவருக்கு விட்டுவிட்டு எழுந்தேன். வெளியே போகவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். மேற்பார்வை என்பது பல விதம்.

பத்து நாற்பதுக்கு அவர் விசையைத் தட்டினார். பாக்கியத்தாய், தங்கப்பழம், ராஜலிங்கம் மூவரும் திரையிலிருந்து போனார்கள். ஆதிலிங்கம் ஒரு கணம் தனியாக நின்றார். பிறகு அவரும் போனார். நான்கு நொடி எல்லாமே இருண்டது. என் வாழ்க்கையில் நான்கு நொடி இவ்வளவு நீளமாக இருந்ததில்லை, கம்பெனியில் அந்தக் காலை உட்பட. அதன் பிறகு கட்டங்கள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. முப்பத்தாறும். ஒவ்வொன்றும் பத்து, பன்னிரண்டு, பதினான்கு சதவீதம். எதுவும் சிவக்கவில்லை. எல்லாம் பச்சை.

சண்முகக்கனி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புகார் போன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார்.

முன் அறையில், அப்பாவை எடுப்பதா வேண்டாமா என்று பன்னிரண்டு மணிக்குப் பேச்சு மறுபடி தொடங்கி, சாப்பாட்டுக்கு நிறுத்தி, மூன்று மணிக்கு மேலும் நடந்தது. திங்கட்கிழமை என்று முடிவானது. நான் தலையாட்டினேன்.

ஐந்தரை. ஆறு. ஏழு. ஏழு நாற்பது. புகார் போன் அடிக்கவில்லை. எட்டு மணிக்கு ஒருமுறை அடித்தது. ஜெயசிங். எல்லாம் சரியாக வருகிறதே, ஏதாவது கோளாறா என்று கேட்டார்.

ஜூன் 29, சனி

மாலை ஐந்து மணி. வாசல் மூடியது. இசக்கிப்ரியா நூற்று நான்கு கல்லூரிகள் போட்டாளாம். அவ்வளவு எதற்கு என்றேன். வேகமாக இருந்ததால் போட்டுக்கொண்டே போனாளாம்.

ஜூலை 1, திங்கள்

ஆதிலிங்கத்தை வழியனுப்பும் நிகழ்ச்சி. உள்ளூர் சேனல் நேரலை. ரவுட்டரின் முன்னால் வாழை இலை, தேங்காய், சூடம். ஃபேன்கள் மூன்றையும் அணைத்த பிறகுதான் சூடம் எரிந்தது. பூசாரி எதையோ சொன்னார், நடுவில் ஒருமுறை நெட்வொர்க் என்ற சொல் கேட்டது.

ஒன்பது நாற்பதுக்கு என்னை விசையைத் தட்டச் சொன்னார்கள். தட்டினேன். அந்த விசையால் நடப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அதுவரை மூடியிருந்த திரையைத் திறந்து, முப்பத்தாறு பச்சைக் கட்டங்களைக் காட்டினேன். கூட்டம் கை தட்டியது.

பாக்கியத்தாய் அழுதார். அறுபது வயதுப் பெண்மணி தரையில் உட்கார்ந்து, அப்பா, அப்பா என்று ரவுட்டரின் ஒயர்களைப் பிடித்துக்கொண்டு அழுதார். ராஜலிங்கம் போய் அக்காவைத் தூக்கினார். அண்ணன் தம்பி இருவரும் இரண்டு பக்கம் பிடித்து வெளியே அழைத்துப் போனார்கள். பன்னிரண்டு நாளாகப் பேசாதவர்கள், வாசலில் செருப்பைத் தேடும்போது பேசிக்கொண்டார்கள்.

எல்லாரும் போன பிறகு தங்கப்பழம் மட்டும் திரும்பி வந்தார். திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"வெள்ளிக்கிழமையே அப்பா போயிட்டாவ, என்ன சார்?"

நான் ஒரு ஃபேனைத் திரும்பப் போட்டேன்.

"ஏழு மணிக்குப் போன் அடிக்கலியே. ஆறு வருசமா அடிக்கிற போனு. தெரிஞ்சும் நான் யார்கிட்டயும் சொல்லல. அப்பா சாகும்போது அக்கா மஸ்கட்ல இருந்தா. முகத்தப் பாக்கல. அவ ஒரு நாள் உக்காந்து அழணும்லா" என்றார்.

அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

ஒப்பந்தத்தின் கடைசி நாள். அலுவலகத்திலேயே எனக்குப் பாராட்டு விழா, சேனலில் நேரலை. மெட்ராஸ் இன்ஜினியர் ஏகாம்பரம், முப்பத்தாறு மூளைகளையும் தட்டி எழுப்பியவர் என்று அறிவித்தார்கள். தங்கப்பழம் பொன்னாடை போர்த்தினார். சுகுணா ஆன்லைனில் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை என்று பிறகு சொன்னாள்.

மைக்கைக் கொடுத்தார்கள். கேமராவுக்குப் பின்னால், புகார் மேசையில், சண்முகக்கனி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சால்வையை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் போர்த்திவிட்டேன். சால்வை கம்பளி, எனக்கு வியர்த்தது, அதனால்தான். கேமராமேன் என்னைத் தொடர்ந்து வந்துவிட்டான். கேமராவை அவர் பக்கம் திருப்பி, இவர் யார் என்று என்னிடம் கேட்டான். இவர்தான் இன்ஜினியர் என்றேன்.

தங்கப்பழம் முதலில் கை தட்டினார்.

ஜூலை 3, புதன்

காலை எட்டே காலுக்குத் திருநெல்வேலிப் பேருந்து. ஜன்னல் இருக்கை. சுகுணாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பென் டிரைவ், கதவு, நான்கு நொடி, கம்பெனியில் அந்தக் காலை யார் முதலில் பேசியது என்பது வரை. கடைசியில் அவள், சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

மன்னார்புரம் தாண்டியதும் புது எண்ணிலிருந்து அழைப்பு. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பிராட்பேண்ட்காரர். அவரிடம் எழுபத்திரண்டு கோர் பெட்டி இருக்கிறதாம், அதிலும் ஒருவன்தான் வேலை செய்கிறானாம். சேனலில் பார்த்தாராம். மேலே யார் பெயர் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். குலதெய்வத்தின் பெயர் என்றார்.

சண்முகக்கனியின் எண்ணைக் கொடுத்தேன்.

கால் மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். அம்பாசமுத்திரத்தார் பேசிவிட்டாராம், நாளைக்கே வரச் சொல்கிறாராம், தங்கப்பழம் அண்ணாச்சியும் போய்விட்டு வா என்கிறாராம்.

"மெஷின நான் பாத்துக்கிடுவேன் சார். சாமிய எடுக்கணும்னு அவிய வீட்டாளுகிட்ட எடுத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும்லா. நீங்க வருவீயளா?"

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அம்பாசமுத்திரத்துக்குப் பேருந்து பிடிக்க நாங்குநேரியிலேயே இறங்கிவிட்டேன்.